டெபுடேஷன் கிளைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வங்கியின் வேறொரு கிளையில் ஒரு மாத டெபுடேஷன் (தற்காலிகப் பணி), அதுவும் கேஷுக்கு ஜாயிண்ட் கஸ்டோடியனாக, அதாவது ஹெட் கேஷியரோடு சேர்ந்து பெட்டகச் சாவிக்கும் பணத்துக்கும் பொறுப்பாக என்று சொன்னாய். அங்கே இருக்கும் ஹெட் கேஷியர் யாரையும் மதிக்கமாட்டார் என்கிறார்களாம். அவர் சிடுசிடுப்பை ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணாமல் போட்ட கையெழுத்தைத்தான் பிறகு ஒன்றும் செய்யமுடியாது. பணம் குறைவது தெரியவரும் அன்று நீ அங்கே இருக்கமாட்டாய், பழி போட அது அவர்களுக்கு வசதி.

காலையில் கவுண்டர் திறந்துவிட்டால் எண்ண நேரம் இராது. முந்தைய நாள் மாலையே போய், கேஷ் முடிக்கும்போது கூட நின்று பொறுப்பேற்றுக்கொள். இதை மேனேஜரிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவை. ஹெட் கேஷியருக்கு மேனேஜர் வாயால் தெரியட்டும். நீ போய்ச் சொன்னால் தன்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார்.

500 ரூபாய்க் கட்டில் 100 நோட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல், 5 லட்சம். பத்துக் கட்டு இருக்கிறது என்று பார்த்ததோடு விட்டுவிடாதே. மேலும் கீழும் 500, நடுவில் 100 ரூபாய் நோட்டு செருகியிருந்தால் எண்ணிக்கை சரியாகவே வரும். ஓரத்தை விரலால் விசிறிப் பார். 500 சாம்பல், புதிய 100 ஊதா, நீளமும் 8 மில்லிமீட்டர் குறைவு. பிரிந்த கட்டுகளை மெஷினில் இரண்டு தடவை விடு. ஹெட் கேஷியர் பெட்டகத்தில் அடுக்கிவைத்த வரிசையை மட்டும் மாற்றாதே. அது அவர் வீட்டு அலமாரி மாதிரி.

அடகு நகைப் பைகளை நகைக் கடன் நிலுவைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக டிக் செய், சீல் உடைந்திருக்கிறதா பார். பை அதிகமாக வந்தால் பதறாதே. கடனைக் கட்டி முடித்துவிட்டு நகையை வாங்க வராதவர்களின் பை பட்டியலில் இருக்காது.

உன் பாஸ்வேர்டை ஹெட் கேஷியர் கேட்பார். கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. கம்ப்யூட்டரில் ஒப்புதல் தரவேண்டிய (பாஸ் பண்ணவேண்டிய) அதிகாரி சாப்பிடப் போய்விடுவார், வரிசையில் நிற்பவர்கள் கேஷியரைத்தான் திட்டுவார்கள். ஆகவே, "தரமாட்டேன்" என்று முறைக்காமல், "சார், கூப்பிடுங்க, உடனே பாஸ் பண்றேன்" என்று சொல்லி அதன்படி நட. இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிடுவார்.

கள்ள நோட்டு விஷயத்தில் மட்டும் வளைந்துகொடுக்காதே. "தெரிஞ்ச பார்ட்டிதான், திருப்பிக் கொடுத்துடலாம்" என்பார். கூடவே கூடாது. முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடு. கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீது உண்டு. ஒரே பரிவர்த்தனையில் 4 வரை இருந்தால் மாதக் கடைசியில் போலீசுக்கு மொத்த அறிக்கை. 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார். வாடிக்கையாளர் முன்னால் ஹெட் கேஷியரோடு வாதாடாதே, பதிவேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடு.

உரசல் முற்றினால் முதலில் அவரிடமே தனியாகப் பேசு. அடுத்து மேனேஜர். அதற்கும் பயனில்லை என்றால் மேனேஜருக்கு ஒரு மெயில்: தேதி, நேரம், என்ன செய்யச் சொன்னார், நீ என்ன செய்தாய். நான்கு வரி போதும். "அகங்காரம்", "அவமானம்" போன்ற சொற்கள் வந்தால் படிப்பவர் இது சண்டை என்று ஒதுக்கிவிடுவார். உன் பழைய கிளைத் தோழிகளிடம் புலம்பாதே, வங்கியில் செய்தி உன்னைவிட வேகமாக டிரான்ஸ்ஃபர் ஆகும்.

அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்பதும் உண்மை. எந்தக் கடைக்காரர் கட்டில் நோட்டு குறையும், யார் அழுக்கு நோட்டாகக் கொண்டுவருவார் என்று அவரிடமே கேள். சொல்லும்போது முகம் மாறும், பாரேன்.

கடைசி நாளும் முதல் நாள் மாதிரியே முழு எண்ணிக்கை. சாவிப் பதிவேட்டில் வாங்கிக்கொண்டவர் கையெழுத்து விழாமல் கிளம்பாதே. பணியிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் கடிதத்தைக் கையோடு வாங்கு, பஸ் டிக்கெட்டுகளைப் பயணப்படி பில்லுக்கு எடுத்து வை. சாவியை ஹேண்ட்பேக் வெளிப் பையில் போடும் பழக்கத்தை இந்த மாதமாவது விடு.

அன்புடன்,
அம்மா