மனசு சரியாகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கற பிள்ளைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மியன்மார் நாட்டு யாங்கோன்ல இருந்து எழுதுறேன். கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் ஏத்தி வச்சுக்கிட்டு உங்க பேப்பர போன்லதான் படிக்கறோம். இளைஞர் பகுதியில "சோம்பல விடுங்க, விடியக்காலைல எழுந்திருங்க, லட்சியம் வைங்க"ன்னு வந்திருந்துச்சு. நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க, ஆனா அத படிச்சுட்டு எங்க ஊர் பிள்ளைங்கள நெனச்சு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எனக்கு வயசு 26. 2020 மார்ச்ல கொரோனான்னு யூனிவர்சிட்டிய மூடுனாங்க, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சிய எடுத்துக்கிச்சு, அப்புறம் காலேஜ் திறந்தப்ப என்கூட படிச்சவங்க நிறைய பேர் திரும்பிப் போகல, நானும் போகல. 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவ சேவைன்னு அறிவிச்சாங்க, ஆம்பளைங்களுக்கு 18ல இருந்து 35 வரைக்கும், பொம்பளைங்களுக்கு 18ல இருந்து 27 வரைக்கும். அதே வருஷம் மே மாசம் ஆம்பளைங்க வெளிநாட்டு வேலைக்கு அனுமதி கேக்கறதையும் நிறுத்தி வச்சாங்க. படிப்பும் இல்ல, வெளிய போக வழியும் இல்ல, தெருவுல நடக்கவே பயம்னு இருக்கற பையன்கிட்ட போய் லட்சியம் வைன்னா அவன் எங்க வைப்பான் சொல்லுங்க.

இத சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க ஐயா. நான் அப்படியே கெடந்தவ. ராத்திரி தூக்கம் வராது, பகல்ல எந்திரிக்க முடியாது, குளிக்கறத கூட அப்புறம் அப்புறம்னு தள்ளிப் போட்டு பொழுது சாஞ்சிரும். பாங்காக்லயும் மலேசியாவுலயும் இருக்கற ஃப்ரெண்ட்ஸ் போட்டோவ பாத்து பாத்து வயிறு எரியும், எரிஞ்சதுக்கு அப்புறம் நம்ம மேலயே வெறுப்பு வரும். பசங்க டீக்கடை குட்டி ஸ்டூல்ல உக்காந்து போன்ல மொபைல் லெஜண்ட்ஸ்னு கேம் ஆடிக்கிட்டே ஒரு டீய வச்சு அரைநாள் ஓட்டுவாங்க. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்"னு கேக்கற அந்த ஒரு கேள்விக்கு பயந்தே ரூம்ல போய் படுத்துக்கிட்டவங்க எத்தன பேரு.

எங்க தெரு கோயில்ல சனி ஞாயிறு பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்கற அக்கா ஒருத்தங்க கூட சொல்லிக் குடுக்க வான்னு என்னய வந்து கூப்பிட்டாங்க. மனசு சரியாகட்டும்க்கா, வர்றேன்னேன். "மனசு அது பாட்டுக்கு சரியாகும், நீ சாக்பீஸ பிடி"ன்னுட்டு போயிட்டாங்க. பிள்ளைங்க அவங்களுக்குள்ள பர்மிய பாஷையிலதான் பேசிக்கும், என்னய "சயாமா"ன்னுதான் கூப்பிடும், பர்மிய பாஷையில டீச்சரம்மான்னு அர்த்தம். கரண்ட் போச்சுன்னா சார்ஜ் லைட்ட நடுவுல வச்சுட்டு சுத்தி உக்காந்துக்குவோம், ஒரு குட்டிப் பொண்ணு கன்னம் நெறைய தனக்கா, அதான் இங்க சந்தனம் மாதிரி பூசுற மரப்பட்ட விழுது, பூசிக்கிட்டு வந்து, நாக்க துருத்திக்கிட்டு "அம்மா"ன்னு எழுதுவா, எழுதுன கையோட நோட்ட என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. அவ வந்து காத்துக்கிட்டு இருப்பாளேன்னுதான் நான் குளிச்சு கெளம்புனேன். தூக்கம் சரியானதெல்லாம் அதுக்கப்புறந்தான்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் கெடையாது. பீட்டர் லெவின்சன்னு ஒரு அமெரிக்க மனநல ஆய்வாளர் 1970கள்லயே இதப் பத்தி வேலை செஞ்சிருக்கார். ஆள் சோர்ந்து ஒதுங்குறப்ப மனசுக்கு தெம்பு குடுக்கற விஷயங்களும் கொறஞ்சிரும், அதனால சோர்வு இன்னும் கூடும், அதனால மனசு வர்ற வரைக்கும் காத்திருக்காம சின்னதா ஒரு வேலைய நேரம் குறிச்சு செய்யணும்ங்கறதுதான் வழி. பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு இத இன்னிக்கும் டிப்ரெஷனுக்கு சிகிச்சையாவே குடுக்கறாங்க. ரொம்ப முடியாம இருக்கறவங்க டாக்டர பாக்கணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

2025 மார்ச் 28 பூகம்பத்துல மண்டலே, சகாயிங் பக்கம் எப்படி இடிஞ்சு கெடந்துச்சுன்னு உங்க பேப்பர்லயும் போட்டிருந்தீங்க. அப்ப எங்க கோயில்ல அரிசி, தார்பாய், தண்ணி பாட்டில் சேத்து அனுப்புனாங்க. மூட்டைய தூக்குனது யாருங்கறீங்க, அந்த டீக்கடை பசங்கதான்! ராத்திரி முழுக்க பனியன் நனைய லாரியில ஏத்துனாங்க, கணக்கு எழுதுனாங்க, யார் வீட்டுக்கு என்ன போகணும்னு போன் போட்டு சண்ட கூட போட்டாங்க. யாரும் அவங்களுக்கு ஊக்கம் பத்தி கிளாஸ் எடுக்கல. லாரி போனதுக்கப்புறம் பெரியவங்க அவங்கள திரும்ப கூப்பிடல, பசங்க பழையபடி ஸ்டூலுக்கே போயிட்டாங்க, எனக்கு தாங்காத வருத்தம் அதுதான்.

அதனால கோயில் கமிட்டி பெரியவங்களுக்கும் சங்கத்துக்காரங்களுக்கும் உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். அன்னதான கணக்கு எழுதறது, வயசானவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது, திருவிழா சாமான் வாங்கறது, இந்த மாதிரி வேலைய பேர் சொல்லி ஒரு பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ குடுங்க, குடுத்துட்டு பின்னாடியே நின்னு குத்தம் சொல்லாதீங்க. கல்யாண வீட்டுல பாத்தா வேலை என்னாச்சுன்னு கேக்காதீங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க. ஐயா, நீங்களும் இளைஞர் பகுதியில ஒரு வாரமாவது பெரியவங்க படிக்க வேண்டிய கட்டுரையா போடுங்க, இங்க நாலு பேருக்கு நானே வாசிச்சுக் காட்டுறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
யாங்கோன், மியன்மார்