உன் கேஜும் இந்த ஊர்க் காற்றும்

அன்புள்ள நடேசா,

டர்பனை விட்டு, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. விடிகாலைக் குளிர் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நம் பழைய கொரோலா கார் இங்கே வந்ததிலிருந்து இழுக்கவே மாட்டேன் என்கிறது. இங்கே ஒரு கராஜில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம், பார்த்தார்கள். டர்பனில் நீ அளந்து எழுதித் தந்த சீட்டையும் காட்டினேன். நான்கு சிலிண்டரும் 12 பார் இருந்ததாம், இப்போது பத்தைக்கூடத் தாண்டவில்லையாம். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் எல்லாம் போச்சு, எஞ்சினை இறக்கணும் என்றார்கள். பேசிய தொகையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுமார் 1,700 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏறினால் கம்ப்ரஷன் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று குறையும். கணக்குப் போட்டால் டர்பனின் 12 இங்கே பத்துதான். பிஸ்டன் அதே அளவுதான் நெருக்குகிறது, உள்ளே வரும் காற்றே மெலிசு. இங்கே தட்டாமல் எரியும் தரம் சற்றுக் குறைந்த 93 ஆக்டேன் பெட்ரோலே தாராளமாகப் போதும் என்கிறார்களே, அதுவும் இதனால்தான்.

சனிக்கிழமை உன் கம்ப்ரஷன் கேஜை எடுத்து நானே உட்கார்ந்தேன். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் வயரையும் பிடுங்கிவிட்டேன். பேரன் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி சாவியைத் திருப்பினான். அதை மிதிக்காவிட்டால் காற்றே உள்ளே போகாது, கேஜ் பொய் சொல்லும். கராஜில் மிதித்தார்களோ என்னவோ! 9.9, 10, 9.9. நாலாவதில் முள் 7.8-இலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் சங்கதி பிடிபட்டது. உயரம் எல்லா சிலிண்டரையும் ஒரே மாதிரிதான் குறைக்கும், ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்து இறக்காது. அந்த நாலாவதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி சுற்றினேன். முள் அசையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்து ஏறியிருக்கும். சரி, வால்வுதான். மூடியைத் திறந்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்தால், எக்ஸாஸ்ட் வால்வில் அதன் மெல்லிய தகடுகூடப் போகவில்லை. வால்வு முழுக்க மூடாமல் இருந்திருக்கிறது. டேப்பெட்டைத் திருகி அந்த இடைவெளியைச் சரிசெய்து அளந்தேன், 9.7. செலவு ஒரு கேஸ்கெட் மட்டும்.

டர்பனில் பறந்த மாதிரி இங்கே பறக்கவில்லைதான். மெலிந்த காற்றுக்கு நான் என்ன செய்ய?

தைப்பூசக் காவடிக்கு ஓட்டிக்கொண்டு வருகிறேன். கடற்கரைக்கு இறங்கியதும் நீயே அளந்து பார். 12-ஐ ஒட்டி வரவில்லை என்றால் குழம்பு நிரப்பிய நம் டர்பன் ரொட்டி, பனி சௌ, என் செலவு.

உன் பழைய தோழன்,
கோவிந்தன்