பையைக் கடைசியில் வாங்கு

ஈஸ்ட் லான்சிங், மிச்சிகன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பை அழகாகத்தான் இருக்கிறது. 65 லிட்டர், எண்ண முடியாத அறைகள், பாதி விலை. ஒரு வாரம் மலையேறப் போகிறவளாக இருந்தால் நானே பணம் அனுப்பியிருப்பேன். நீ போவதோ விடியுமுன் மலைச்சரிவில் நடந்து, ஒரு மரத்தில் ஏறி, வேட்டைக்கு மான் வரும்வரை வில்லோடு அசையாமல் தொங்கிக்கொண்டிருப்பதற்கு. அதற்கு இந்தப் பை வேண்டாம். தள்ளுபடி இரண்டே நாள்தான் என்று எழுதியிருக்கிறாய். முடியட்டும், விடு.

நீயும் சேடில் வாங்கிவிட்டாய் என்று பாட்டியிடம் போனில் சொன்னேன். "அம்மாவும் மகளும் மரத்தில் தொங்கத்தான் அமெரிக்கா போனீர்களா?" என்று கேட்டார். பொறுமையாக விளக்கினேன். இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு துணி இருக்கை. அதை மரத்தோடு பிணைக்கும் கயிறு. காலூன்ற ஒரு சிறிய உலோகத் தட்டு. ஏறுவதற்குப் பட்டையால் மரத்தில் கட்டும் ஏணித் துண்டுகள் நான்கு. ஆணி கிடையாது, திருகு கிடையாது. மரத்தைத் துளைக்கும் எதையும் பொதுக் காடுகளில் பயன்படுத்த இங்கே சட்டம் விடுவதில்லை. இறங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம் என்றேன். பாட்டி அதிகம் யோசிக்கவில்லை. "இத்தனையையும் யார் சுமப்பது?" என்றார். நீ கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். நீயோ எத்தனை லிட்டர், என்ன நிறம், எத்தனை ஜிப் என்று கேட்டு எழுதியிருக்கிறாய்.

முதலில் எடைக் கணக்கைப் பார். உன் ஏணித் துண்டு ஒன்று 1 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். நான்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 5 கிலோ. தட்டு 3 கிலோ. சேடில், மரக் கயிறு, ஏறும்போது இடுப்பைச் சுற்றிப் போடும் லைன்மேன் கயிறு, கயிற்றை மாட்டும் காரபைனர் கொக்கிகள் எல்லாம் சேர்ந்து 2 கிலோ. கனமான ஜாக்கெட், தண்ணீர், கத்தி, தலைவிளக்கு, சாப்பாடு என்று இன்னொரு 3 கிலோ. ஆக 13 கிலோ. வில் தனி, அது கையில்.

இந்த 13 கிலோவில் 8 கிலோ, அதாவது ஏணித் துண்டுகளும் தட்டும், பைக்குள் போவதே இல்லை. அவை வெளியே கட்டப்படுபவை. உள்ளே போவது துணியும் கயிறும் சில்லறைச் சாமான்களும்தான். அக்டோபரில் அதற்கு 20 லிட்டர் போதும். நவம்பர் கடைசியில் பஞ்சு ஜாக்கெட்டும் கால்சட்டையும் சேரும்போது 30 அல்லது 35 லிட்டர் வேண்டியிருக்கும். இங்கே வேட்டைப் பைகளைக் கன அங்குலத்தில் விற்கிறார்கள். 2000 கன அங்குலம் என்றால் ஏறத்தாழ 33 லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொள். அதற்குமேல் வாங்கினால் பாதி காலியாகத் தொங்கும் பையின்மேல் 8 கிலோ உலோகத்தைக் கட்டிக்கொண்டு நடப்பாய். பை குழையும், தட்டு ஆடும், ஒவ்வோர் அடிக்கும் உன்னைப் பின்னால் இழுக்கும்.

ஆகவே பையின் வயிற்றைப் பார்க்காதே, வெளிப்பட்டைகளைப் பார். இரு பக்கமும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இறுக்குப் பட்டைகள் வேண்டும். அவை பையைச் சுற்றித் தட்டின் குறுக்கே வந்து கொக்கியில் மாட்டும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கடையில் பட்டை போதுமான நீளம்போலத்தான் தெரியும். பை நிறைந்து, அதன்மேல் ஏணித் துண்டுகளும், அவற்றின்மேல் தட்டும் வந்த பிறகு நான்கு அங்குலம் குறையும். எதை வாங்கினாலும் உன் தட்டையும் துண்டுகளையும் கடைக்கே எடுத்துக்கொண்டு போ. விற்பவர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

துண்டுகளைப் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டுகிறவர்கள் உண்டு, கீழே குறுக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் ரோஸ் லேக் பக்கம் எப்படிக் கட்டினாலும் ஒப்பேற்றிவிடலாம்; நிலம் சமம், பாதையும் அகலம். பென்சில்வேனியாவில் உன் ராத்ராக் காட்டில் அது நடக்காது. மவுண்டன் லாரல் புதருக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தால் தெரியும். பென்சில்வேனியா அதைத் தன் மாநில மலராக வைத்துக் கொண்டாடுகிறது. எனக்கு அது முறுக்கிய, விறைத்த, எதையும் விடாமல் பிடித்து இழுக்கும் கிளைகளின் கூட்டம். குறுக்கே கட்டிய துண்டு இரு பக்கமும் மாட்டும். தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தால் குனியும்போதெல்லாம் மாட்டும். நான்கையும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, முதுகின் நடுவில் நிமிர்த்தி, உன் தோளுக்கு மேலே போகாமல், முழங்கைக்கு வெளியே வராமல் கட்டு. பையில் பார்க்க வேண்டிய அளவு இதுதான்: உன் ஏணித் துண்டின் நீளமும் பையின் நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது இடுப்புப் பட்டை. இதில் நான் செய்வதை நீ செய்யக் கூடாது.

சேடிலும் இடுப்பில்தான் உட்காருகிறது, பையின் இடுப்புப் பட்டையும் அங்கேதான் உட்கார வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடம். நான் வண்டியருகிலேயே சேடிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவேன், சுமை முழுவதையும் தோள் தாங்கும். சமநிலத்தில் அரை மைலுக்கு அது பெரிய விஷயம் இல்லை. நீ ஏறுவது மேடு. 13 கிலோவைத் தோளால் மட்டும் சுமந்து மேடு ஏறினால், உச்சிக்குப் போகும்போது வில்லின் நாணை இழுக்கத் தோளில் தெம்பு இருக்காது. அதைவிட மோசம், வியர்வை. நனைந்த பனியனோடு உறைபனிக் காலையில் மரத்தில் தொங்கினால் ஒன்பது மணிக்குள் நடுங்கி இறங்கிவிடுவாய். உன் வாடை காற்றில் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே உனக்கு நல்ல இடுப்புப் பட்டை உள்ள பைதான் வேண்டும். சேடில் பைக்குள் வரட்டும், மரத்தடியில் மாட்டிக்கொள். மெல்லிய ஒற்றைச் சட்டையோடு, கிளம்பும்போது குளிருகிறதே என்று தோன்றும் அளவுக்குக் குறைவாக உடுத்தி, மெதுவாக ஏறு. ஜாக்கெட் முதுகில் வரட்டும்.

பட்டை இடுப்பில் சரியாக உட்கார வேண்டுமானால் பையின் முதுகு நீளம் உன்னுடையதாக இருக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை யாரையாவது அளக்கச் சொல். வேட்டைப் பைகளில் பெரும்பாலானவை ஆறடி ஆணின் முதுகுக்கே தைத்தவை. உன்னையும் என்னையும் போன்ற ஐந்தடிக்காரிகளுக்கு அந்தப் பட்டை தொடையில் வந்து நிற்கும். தோள் தாங்கியை மேலும் கீழும் நகர்த்தி அளவை மாற்றக்கூடிய பையாகப் பார். விலை 50 டாலர் கூடினாலும் இதற்குக் கொடு, மறைவண்ணத்துக்குக் கொடுக்காதே.

நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல்தான். நீலம் நன்றாகத் தெரியும். நீலமும் வெள்ளையும் இல்லாத எதுவும் சரி. பழுப்பு போதும்.

இனி, நான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சாமான்கள் வெளியே வரும் வரிசை.

மரத்தடியில் நிற்கிறாய். இருட்டு. சிவப்பு விளக்கு ஒரு கைப்பிடி வெளிச்சம் தருகிறது. முதலில் எது வேண்டும்? சேடில். அடுத்து லைன்மேன் கயிறு. அது மரத்தைச் சுற்றி உன் இடுப்பில் மாட்டப்படாமல் ஒரு கால்கூடத் தரையை விட்டு மேலே போகக் கூடாது. அடுத்து ஏணித் துண்டுகள் ஒவ்வொன்றாக. மேலே போனதும் தட்டு. தட்டில் ஏறி நின்றதும் மரக் கயிறு. அதைக் கட்டி, உன் எடையை அதில் இறக்கிப் பார்த்த பிறகே லைன்மேன் கயிற்றைக் கழற்றுவாய். அதற்குப் பின் வில்லைக் கீழேயிருந்து கயிற்றால் இழுப்பாய். ஜாக்கெட், கையுறை, தண்ணீர் எல்லாம் அப்புறம்.

இந்த வரிசையைத் தலைகீழாகக் கட்டியதுதான் உன் பை. கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. கயிறு ஜாக்கெட்டுக்கு அடியில் கிடந்தால், இருட்டில் எல்லாவற்றையும் சருகின்மேல் இறைத்துத் தேடுவாய், அல்லது பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கயிறு இல்லாமல் முதல் துண்டில் ஏறுவாய். இரண்டாவதை எண்ணித்தான் எனக்கு உறக்கம் வராது. கயிறுகள் இரண்டும் பைக்குள் தனியாகக் கிடக்க வேண்டாம் என்பது என் கட்சி. சேடிலின் இரு பக்கமும் மாட்டும் சிறு பைகள் கிடைக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சேடிலை மாட்டும்போதே கயிறும் வந்துவிடும், பை எங்கே கிடந்தாலும்.

மேலே போனதும் பை மரத்தில் தொங்க வேண்டும். உச்சியில் ஒரு வலுவான பிடிவளையம் இருக்கிறதா என்று பார்; நிறைய பைகளில் அது ஒப்புக்குத் தைத்த நாடா. சூட்கேஸ்போல முழுதாகத் திறக்கும் பை தரையில் வசதி, இருபது அடி உயரத்தில் தொல்லை. ஜிப்பை இழுத்ததும் கையுறை கீழே போகும். மேல்வாய் மட்டும் உள்ளதென்றால் அடியில் இருப்பதற்கு முழங்கைவரை கையை விட வேண்டும். முன்புறத்தின் மேற்பாதி மட்டும் குதிரை லாட வடிவில் திறப்பது நடுவழி.

நீ இடதுகைக்காரி என்பதை மறந்துவிடாதே. மரத்தைப் பார்த்துத் தொங்கும்போது எனக்கு இடப்பக்கம் அம்பு விடுவது சுலபம். பையை வலப்பக்கம் தொங்கவிடுவேன். உனக்கு நேர்மாறு. படங்களில் காட்டுவதைப் பார்த்து வலப்பக்கம் தொங்கவிட்டால், மான் உனக்கு வாகான பக்கம் வந்து நிற்கும்போது வில்லின் கீழ்நுனி பையில் இடிக்கும்.

சத்தம். கடையில் பையைக் கையில் எடுத்ததும் துணியை நகத்தால் சுரண்டிப் பார். உனக்குக் கேட்டால் மானுக்குக் கட்டாயம் கேட்கும். மழை புகாத பூச்சு பூசிய துணி குளிரில் விறைத்துச் சலசலக்கும். எனக்குக் கம்பளிபோல் மென்மையாக நெய்த வெளித்துணிதான் பிடிக்கும். அது நனையும், முள்ளைப் பிடிக்கும், போகட்டும். பர்ரென்று சத்தத்தோடு பிரியும் வெல்க்ரோவை வைத்துத் தைத்தவர்கள் ஒருநாளும் மரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஜிப் இழுப்பானின் உலோகத்தை வெட்டிவிட்டுக் கயிற்று முடிச்சு போடு. தட்டும் துண்டும் தொடும் இடங்களில் துணி டேப் ஒட்டு. ஹாக்கி மட்டைக்குச் சுற்றுவது மலிவு, நன்றாகவும் இருக்கும்.

மானைச் சுமந்து வரவும் இந்தப் பை உதவுமா என்று கேட்டிருந்தாய். அதற்கில்லை. வண்டியில் ஒரு வெறும் சட்டகப் பை, அதாவது சுமையைக் கட்டும் சட்டமும் தோள்பட்டையும் மட்டும் உள்ளது, கிடக்கட்டும். மான் விழுந்தால் சேடில் சாமான்களை வண்டியில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போ. ஒரே பையில் இரண்டு வேலையும் செய்யப் பார்த்துத்தான் ஆட்கள் 65 லிட்டருக்குப் போகிறார்கள். ராணுவ உபரிச் சாமான் கடையில் பழைய சட்டகம் மலிவாகக் கிடைக்கும்.

இந்த வாரம் ஒன்றும் வாங்காதே. எல்லாச் சாமானையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பு, முதலில் வேண்டியது இடக்கோடியில். உன் கல்லூரிக் காலத்துப் பழைய பையில் அந்த வரிசையைத் தலைகீழாக அடைத்துக் கட்டு. விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடு. எங்கே கை தடுமாறுகிறதோ அதைக் குறித்துவை. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், முக்கால்வாசிப் பைகளை நீயே தள்ளிவிடுவாய். பழைய பையே போதும் என்றும் தோன்றலாம்; தோன்றினால் சந்தோஷம்.

அப்பா உறைபெட்டியில் இடம் ஒதுக்கிவிட்டார், மிளகும் அரைத்து வைத்துவிட்டார். இன்னும் பையே வாங்கவில்லை என்றேன். கேட்கவில்லை.

மூன்று அளவுகளை எழுதி அனுப்பு: உன் முதுகு நீளம், ஏணித் துண்டின் நீளம், தட்டின் அகலம். நான் இங்கே இரண்டு பைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்; அளவு வந்த பிறகு எது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா