பணிவாகச் சொல்லத் தமிழில் வழியில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையை 30 வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான். போன இதழின் ஆங்கிலப் பக்கத்தில், சொந்தக் கருத்தைச் சொல்லத் தொடங்கும் சொற்கள் சிலவற்றைப் போட்டிருந்தீர்கள். ஐ திங்க், இன் மை ஒப்பீனியன், இஃப் யூ ஆஸ்க் மீ என்று. சரி, பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் அதற்கு மேலே, தமிழில் நாம் பட்டென்று போட்டு உடைப்போம், ஆங்கிலத்தில்தான் கருத்தைப் பணிவாகச் சொல்ல வழி இருக்கிறது என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் லுங்கிக்குச் சிவப்பு நூல் வந்து இறங்கியிருந்தது. வாங்கலாமா என்று பேச்சு. 70 வயதுப் பெரியவர் ஒருவர், சம்பளப் பதிவேட்டில் ரேகை வைப்பவர், ஒரு நூல் சிட்டத்தை எடுத்து நீவிப் பார்த்தார். சொம்புத் தண்ணீரில் நனைத்து, தன் வெள்ளைத் துண்டின் முனையில் வைத்துப் பிழிந்தார். துண்டை யாருக்கும் விரித்துக் காட்டவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் மகன் வயதுத் தலைவரிடம், "எனக்கு இன்னாமோ இந்தச் செவப்பு நிக்காதுன்னு தோணுது நைனா. நீங்க படிச்சவங்க, பார்த்துக்கினு செய்ங்க" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, துண்டின் மடிப்பில் இறங்கியிருந்த சிவப்பு தெரிந்தது. அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனாலும் 'தோணுது' என்றுதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நெய்த லுங்கிகள் முதல் அலசலிலேயே சாயம் போய்த் திரும்பி வந்தன. அப்போதும் 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இவர் பேசிய தமிழிலா பணிவு இல்லை?

பேச்சில் 'நான் நினைக்கிறேன்' என்று நாம் ஆரம்பிப்பதே குறைவு. 'எனக்குத் தோணுது', 'எனக்குப் படுது' என்போம். 'சரிவராது' என்பதை 'சரிவராதோ' என்று ஓர் ஓகாரம் வைத்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் மறுத்துப் பேச இடம் கிடைத்துவிடும். நீங்கள் போட்ட இஃப் யூ ஆஸ்க் மீயும் 'என்னைக் கேட்டா' என்று நம் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கச் சொல்வதுதானே? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

இந்த ஆங்கிலப் பக்கம் வரும் இடத்தில் முன்பு வட்டாரச் சொற்கள் என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போகட்டும்.

ஆங்கிலத்தையாவது சரியாகச் சொல்லித் தந்திருக்கலாம். சில மாதம் முன்பு இதே பக்கத்தில் 'என் கருத்துப்படி' என்பதற்கு 'அக்கார்டிங் டு மீ' என்று போட்டிருந்தீர்கள். என் இளைய மகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். சென்னையில் நேர்முகத் தேர்வில் மூன்று முறை அப்படியே சொல்லியிருக்கிறாள். அங்கிருந்த அதிகாரி நிறுத்தி, அடுத்தவர் சொன்னதை, புத்தகத்தில் இருப்பதை எடுத்துச் சொல்லத்தான் அக்கார்டிங் டு வரும், தன் கருத்துக்கு இன் மை ஒப்பீனியன் என்று எல்லார் முன்னாலும் திருத்தினாராம். அன்று ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். ஒட்டிய காகிதத்தைக் கிழித்திருந்தது காலையில்தான் தெரிந்தது. வித் டியூ ரெஸ்பெக்ட் என்பதையும் மரியாதைச் சொல் என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒருவர் பேச்சை மறுக்கப்போகும்போது சொல்வது அது. அதையும் ஒரு பிள்ளை நம்பிப் போய் மேலதிகாரியிடம் சொன்னால் யார் பொறுப்பு?

மூத்த மகனின் பெண் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். 'எனக்கு என்னமோ' என்று நான் ஆரம்பித்ததுமே, "தாத்தா, நீ பேசாதே" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் குழந்தை. இந்தக் கூச்சம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? தங்கள் பத்திரிகை அந்த வீட்டுக்கும் போகிறது.

நான் கேட்பது இரண்டுதான். 'அக்கார்டிங் டு மீ' தவறு என்று அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஆங்கிலத் தொடருக்குப் பக்கத்திலும் அதற்கு நம் ஜனங்கள் சொல்வதையும் அச்சிடுங்கள். இடம் இல்லையென்று இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும், அந்தப் பெரியவரின் துண்டைப் பற்றி எழுதியதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெசவாளர் சங்க எழுத்தர் (ஓய்வு),
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.