சுண்டிக்குளத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கே ஒரு கடல்நீரேரியைச் சுற்றிக் கிடக்கிற சுண்டிக்குளம் தேசியப் பூங்காவின் கடந்த ஆண்டு வானிலை பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை தேவையான ஒரு வேலைதான். ஆனால் கணக்கைத் தொடங்கிய இடம் பிழை. ஜனவரி தொடக்கம் டிசம்பர் வரை பெய்த மழையைக் கூட்டி, சராசரிக்குப் பக்கத்தில் வைத்து, மழை வழமையை விடக் கூட, ஆகவே பூங்காவுக்கு நல்ல ஆண்டு என்று முடித்திருந்தீர்கள். கூட்டுத்தொகை சரியாகவே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு பூங்காவைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது.

எங்கள் மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி, தை வரை இழுக்கிறது. ஜனவரி முதலாந் திகதியில் கோடு கீறினால் ஒரே மாரி இரண்டு துண்டாகி இரண்டு ஆண்டுகளில் விழும். நீங்கள் கூட்டியது முந்திய மாரியின் வாலையும் அடுத்த மாரியின் தலையையும். இரண்டுக்கும் நடுவே எட்டு மாதக் கோடை கிடக்கிறது. நவம்பரில் கொட்டிய மழை ஓகஸ்டில் செத்த மீனைக் காப்பாற்றியிருக்காது. நீர்ப்பாசனத் திணைக்களம் நீர் ஆண்டை ஒக்டோபர் 1 இல் தொடங்கிச் செப்ரெம்பர் 30 இல் முடிப்பது இதனால்தான். மாரி மழையை நம்பிக் காலபோக நெல் விதைக்கிற கமக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அடுத்தது, அது எந்த இடத்து மழை? கட்டுரையில் இருந்த எண்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வானிலை நிலையத்தினுடையவை. அங்கிருந்து சுண்டிக்குளம் நேர்கோட்டிலேயே 50 கிலோமீற்றருக்கு மேல். மாரியில் ஒரு முகில்கூட்டம் பூங்காப் பக்கத்து வடமராட்சி கிழக்கில் ஊற்றிவிட்டு, திருநெல்வேலிக்கு அடுத்த நல்லூரில் நிலத்தை நனைக்காமலே போகும். அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. பூங்காவுக்குள் மழைமானி வைத்தாலும் அரைவாசிக் கதைதான் தெரியும். கடல்நீரேரியை நிரப்புவதில் பெரும் பங்கு தெற்கே வன்னியிலிருந்து கனகராயன் ஆற்றால் வருகிற வெள்ளத்துக்கு. அந்த ஆற்றைத்தான் இரணைமடுக் குளம் மறித்து நிற்கிறது. குளம் நிரம்பி மிகை நீர் வான் வழியே பாய்ந்தால் இங்கே நீர் ஏறும். குளம் நிரம்பாத ஆண்டில், யாழ்ப்பாணத்தில் எவ்வளவு பெய்திருந்தாலும், ஏரி மெலிந்தே கிடக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எடுத்தபோது இரணைமடு வான்கதவுகளால் இறங்கிய நீர் எந்தப் பக்கம் போனது என்று யோசித்தால் போதும். ஆகவே பூங்காவின் மழைக்கணக்குக்கு யாழ்ப்பாணத்தை விடக் கிளிநொச்சியும் வவுனியா வடக்கும் முக்கியம்.

மழையை விட்டுவிட்டு ஆழத்துக்கும் உப்புக்கும் வருகிறேன். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமான இந்த இடத்துக்குப் பறவைகள் வருவதும் வராமல் விடுவதும் இந்த இரண்டில்தான் தங்கியிருக்கின்றன. கட்டுரையிலோ இவற்றுக்கு ஒரு வரியும் இல்லை.

ஏரியின் அடி ஏறக்குறையத் தட்டு. சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கரை 100 மீற்றர் உள்ளே போய்விடும். ஊசிவால் வாத்து தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி மேய்வதற்கு முழங்கால் அளவு நீர் போதும். சின்ன உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவே அதிகம். பூநாரை அதைவிட ஆழத்திலும் நிற்கும், ஆனால் அதன் இரை உவர்நீரில் பெருகுகிற சிறு உயிர்கள். ஆகவே மாரி கடுமையாகி ஏரி நன்னீராலே நிரம்பி வழிகிற ஆண்டில் பூநாரை குறைந்து காணப்பட்டால் அதிசயமில்லை. நல்ல மழை, ஏன் பறவை இல்லை என்று கேட்பவர்களுக்கு மறுமொழி இதில் இருக்கிறது.

கோடையில் கணக்கு மறுபக்கம் திரும்புகிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பின பிறகு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று குறைத்தே எடுப்போம். 40 சென்ரிமீற்றர் ஆழ நீர் 80 நாளில் வற்றிவிடும். நீர்தான் போகும், உப்பு போகாது. கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. அதே நீர் ஏரிக்குள் அகப்பட்டுப் பாதியாக வற்றினால் 70 கிராம். இந்த நீர் சூடாகவும் இருக்கும், சூடான உப்புநீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடித்து வைக்கும். மணலை மீனும் இறாலும் விடியப்புறம் மிதப்பதற்குக் காரணம் அனேகமாக இதுதான், நஞ்சு போட்டார்கள் என்கிற வதந்தி அல்ல. ஆவணிக் கடைசியில் போனால் கரையோரம் வெள்ளைத் தகடாக உப்புக் கட்டியிருக்கும். நகத்தால் கிளப்பினால் ஓடு மாதிரிப் பெயரும். கீழே கரிய சேறு, கூழ்முட்டை மணம்.

இதில் தவறவிடுகிற இன்னொரு கட்டம் முதல் மழை. எல்லாரும் அதை மீட்சி என்று எழுதுகிறார்கள். நன்னீர் பாரம் குறைந்தது, உப்பு நீரின் மேலே பாய் விரித்த மாதிரிப் படுத்துவிடும். காற்று இல்லாத நாட்களில் இரண்டும் கலக்காது. அடியில் இருக்கிற நீருக்கு மேலிருந்து ஒட்சிசன் இறங்காது, அங்கேயும் மீன் சாகும். ஒக்டோபர் மாத உப்புச்செறிவை மேல்நீரில் மட்டும் அளந்தால் எல்லாம் நலம் என்றே காட்டும். ஒரு போத்தலை மூடியபடி அடிக்கு இறக்கி, அங்கே மூடியைத் திறந்து எடுத்த நீரையும் அளக்கவேண்டும். கையடக்க உப்புமானிகள் பெரும்பாலும் கிலோவுக்கு 100 கிராம் வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் மாதிரிக்குச் சம அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வருகிற எண்ணை இரட்டிக்கலாம். கண்ணாடியில் பழைய உப்புக் காய்ந்து கிடந்தால் எல்லா வாசிப்பும் ஏறி நிற்கும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைப்பது அதனால்தான்.

நீர்மட்டக் கோலிலும் ஒரு பொறி உண்டு. சோளகக் காற்று ஆழமற்ற ஏரியின் நீரை வடகிழக்குக் கரைக்குத் தள்ளிக் குவிக்கும். தென்மேற்குக் கரையில் கோல் நட்டவர் நீர் வற்றிவிட்டது என்பார், எதிர்க்கரைக்காரர் இல்லை என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வடகிழக்கிலிருந்து வீசுகிற வாடையில் இதுவே மறுபக்கமாக நடக்கும். எதிரெதிர்க் கரைகளில் இரண்டு கோல் வேண்டும், காற்றுத் தூங்குகிற விடியற்காலையில் வாசிக்கவேண்டும், இரண்டின் பூச்சியமும் ஒரே மட்டத்துக்குக் கட்டப்பட்டிருக்கவேண்டும்.

மழைமானியைப் பற்றிச் சுருக்கமாக. 127 மில்லிமீற்றர் விட்ட வாய் உள்ள மானியில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 12.7 மில்லிலீற்றர் நீர். 203 மில்லிமீற்றர் வாய் உள்ள மானியில் 32.4. சின்ன மானியின் அளவுக்குவளை உடைந்து பெரியதன் குவளையை எடுத்துப் பாவித்தால் 100 மில்லிமீற்றர் மழை 39 ஆகப் பதிவாகும், ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். சின்ன மானியிலேயே 300 மில்லிமீற்றர் பெய்தால் 3.8 லீற்றர் நீர். உள்போத்தல் வழிந்து வெளிப்பாத்திரத்தில் நிற்பதையும் ஊற்றி அளக்காவிட்டால் மிகப் பெரிய மழைநாள்தான் மிகவும் குறைத்துப் பதியப்படும். பனைக்கும் மானிக்கும் இடையே பனையின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தூரம் வேண்டும். அதற்காக வெறும் கடற்கரையிலும் வைக்கக்கூடாது, காற்று துளிகளை வாய்க்கு மேலாலேயே கொண்டுபோய்விடும். வாசிப்பு நேரம் காலை 8.30. அந்த மழையை எந்த நாளின் கணக்கில் போடுவது என்று ஒரு முறை தீர்மானித்தால் பிறகு மாற்றக்கூடாது.

வெப்பமானிப் பெட்டியின் கதவு வடக்கே பார்க்கவேண்டும் என்று பாடநூல்கள் சொல்லும். யாழ்ப்பாணத்துக்கு அது முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குக் கதவைத் திறந்தால் வெயில் நேரே வெப்பமானியில் விழும். இரண்டு பக்கமும் கதவு வைத்து, மாதத்துக்கு ஏற்பத் திறப்பதே வழி.

இனி எல் நினோ, அதாவது பசிபிக் சமுத்திரத்தின் மேல்நீர் வழமையை விடச் சூடாகிற நிலை. அது வருகிறதால் வடக்கில் வறட்சி வரப்போகிறது என்று கட்டுரையின் கடைசிப் பந்தியில் எழுதியிருந்தீர்கள். இந்தியச் செய்திகளிலிருந்து அப்படியே இறங்கின வசனம் போலத் தெரிகிறது. எல் நினோ இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைத்தான் பெரும்பாலும் மெலிக்கும். இலங்கையில் ஒக்டோபர், நவம்பர் மழையை அது கூட்டுகிற பக்கமே சாய்கிறது. 2015 ஆம் ஆண்டின் வலுவான எல் நினோவின்போதுதான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குப் பிந்திய ஜனவரி தொடக்கம் மார்ச் வரை காய்வது வழமை. ஆகவே பூங்காவுக்கு எல் நினோ ஆண்டென்றால், நிரம்பித் தொடங்கிக் கெதியாக வற்றுகிற ஆண்டு என்று எதிர்பார்க்கலாம். இது சாய்வுதான், உத்தரவாதமில்லை.

ஒரு ஆண்டை வைத்துக் காலநிலை மாற்றம் என்று தலைப்புப் போடுவதும் சரியில்லை. ஒப்பிடுவதற்கு 30 ஆண்டுச் சராசரி வேண்டும், இப்போது பாவனையில் உள்ளது 1991 தொடக்கம் 2020 வரையானது. மழையின் கூட்டுத்தொகையில் போக்கைத் தேடுவதை விட, மழை நாட்களின் எண்ணிக்கையையும் ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் விழுந்த நாட்களையும் தனித்தனியே எண்ணுங்கள். 1,200 மில்லிமீற்றர் 60 நாளில் பெய்வதும் 25 நாளில் பெய்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் மணல்திட்டு உடைந்து தொடுவாயால் பாதி நீர் கடலுக்கு ஓடிவிடும், ஏரி வைகாசியிலேயே வற்றிவிடும். கடல்மட்டம் 1993 இலிருந்து உலகச் சராசரியாக ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன ஆயிரத்துக்கு ஒன்று சரிவோடு அதை வைத்துப் பார்த்தால் சின்ன எண்ணாகத் தெரியாது.

தாங்கள் இந்தப் பத்தியைத் தொடர்ந்து எழுதுவதானால் மாதத்துக்கு நான்கு எண் போதும்: இரணைமடுவின் நீர்மட்டம், ஏரியின் ஆழம், மேல்நீரிலும் அடிநீரிலும் அளந்த உப்புச்செறிவு, மழை நாட்கள். கோல் நடுவதானால் ஆவணி, புரட்டாதிக்குள் நடவேண்டும். அப்போதுதான் ஏரியின் நடு வரை நடந்துபோய் அடித்தரை எங்கே என்று பார்த்து இறுக்கலாம். ஐப்பசி பிறந்த பிறகு போனால் தொடை வரை சேறு, நட்ட கோலும் முதல் வெள்ளத்தில் சாய்ந்துவிடும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பளை.