உதவித்தொகையை எடுத்து ஓ.டி. பாக்கியில் வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் பிடிக்கும் அபராதத்தைப் பொதுத்துறை வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவது பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. ஸ்டேட் வங்கி 2020-லேயே நிறுத்திவிட்டது. 2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி என்று மற்றவையும் வரிசையாக அறிவித்தன. நல்ல காரியம்தான். ஆனால் இனி ஏழைகளின் கணக்கில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்கிற மாதிரி அந்தச் செய்தி முடிந்திருந்தது. அது சரியில்லை. கடன் பாக்கி உள்ள மாற்றுத்திறனாளியின் உதவித்தொகையை வங்கி எடுத்துக்கொள்ள இன்னொரு வழி அகலத் திறந்தே கிடக்கிறது. என் கணக்கில் நடந்ததை வைத்தே அதைச் சொல்கிறேன்.

எனக்கு வயது 47. சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் பாதிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் வீட்டுக்கும் மூன்று சக்கர ஸ்கூட்டரில் போய்வருகிறேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது. முன்பு 1,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து 1,500. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம். கடை வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், இது மாறாது.

2016-இல் முத்ரா என்கிற சிறுதொழில் கடன் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கொடுத்தார்கள். அடமானம் கேட்கவில்லை. ஒரு பழைய மெஷின், லேமினேஷன் மெஷின், பேப்பர் பண்டல்கள் எல்லாம் அதில்தான் வாங்கினேன். அன்றைக்கு அது பெரிய உதவி, இப்போதும் அதை மறுக்கமாட்டேன். ஜாமீன் கேட்காமல் என்னை நம்பிப் பணம் கொடுத்தது அந்த வங்கி ஒன்றுதான். சொந்தக்காரர்கள்கூடக் கொடுக்கவில்லை.

ஓ.டி. என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. வீட்டுக் கடன், நகைக் கடன் மாதிரி இதற்குத் தவணை கிடையாது. ஒரு லட்சம் வரம்பு என்றால் அதற்குள் எடுக்கலாம், போடலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. தினம் கல்லாப் பணத்தைக் கட்டி, சரக்கு வாங்கும்போது எடுத்துக்கொள்ளும் மளிகைக்கடைக்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. என்னைப் போல் வியாபாரம் தேய்ந்துகொண்டே போகிறவருக்கு இது ஒரு நாளும் தீராது. வட்டியைக் கட்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அசல் அப்படியே நிற்கும். ஒரு லட்சத்துக்கு 11.5 சதவீதம் என்றால் மாதம் 950 ரூபாய்க்கு மேல் வட்டி. இத்தனை ஆண்டுகளில் கிட்டத்தட்ட வாங்கிய தொகை அளவுக்கு வட்டியாகவே கட்டியிருக்கிறேன். பாஸ்புக்கைத் திறந்தால் இன்றைக்கும் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

வியாபாரம் ஏன் தேய்ந்தது என்று கேட்டால், ஜெராக்ஸ் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். முன்பு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று எதற்கும் ஐந்தாறு நகல் வேண்டும். இப்போது இ-சேவையில் ஏற்றினால் போதும், போனிலேயே காட்டினால் போதும். இது நாட்டுக்கு நல்லது, எனக்கு நஷ்டம். பள்ளி, கல்லூரி சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில்தான் கையில் கொஞ்சம் காசு புரளும்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை கடன் கட்ட அவகாசம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. கடையைத் திறக்கவே முடியாத மாதங்கள் அவை, மூச்சு விட முடிந்தது. ஆனால் கட்டாத அந்த ஆறு மாத வட்டி எங்கும் போய்விடவில்லை. ஓ.டி. கணக்குகளில் சேர்ந்த வட்டியைத் தனிக் கடனாக மாற்றி 2021 மார்ச் 31-க்குள் கட்டச் சொல்லலாம் என்று விதி வந்தது. ஏற்கெனவே விளிம்பில் நின்ற கணக்கு, அதிலிருந்து நிமிரவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற கோடையில் மெஷினின் டிரம் போய்விட்டது. அதை மாற்றியதில் இருந்த காசெல்லாம் கரைந்தது. அதே சமயத்தில் ஓ.டி.யைப் புதுப்பிக்கும் கட்டணமும் கடைச் சரக்குக்கான இன்சூரன்ஸ் பிரீமியமும் கணக்கில் ஏறின. வட்டி இரண்டு மாதம் நிலுவை. கணக்கு வரம்பைத் தாண்டிவிட்டது. ஓ.டி. கணக்கு 90 நாள் தொடர்ந்து வரம்புக்கு மேலேயே இருந்தாலோ, வட்டியை ஈடுகட்டும் அளவுக்குக்கூடப் பணம் வராமல் இருந்தாலோ அது வாராக்கடன். அப்படி ஆவதற்குள் எதையாவது வசூலித்துவிட வேண்டும் என்று கிளைக்கு அவசரம். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.

அவர்கள் செய்தது இதுதான். அதே கிளையில் என் சேமிப்புக் கணக்கும் இருக்கிறது, உதவித்தொகை வருவது அதில்தான். 1,500 ரூபாய் வரவு என்று போனுக்கு மெசேஜ் வந்தது. மறுநாள் 1,500 ரூபாய் பற்று என்று இன்னொரு மெசேஜ். ஏ.டி.எம்.மில் பார்த்தால் பைசா இல்லை. முதலில் ஏதோ சைபர் மோசடி என்றுதான் பயந்தேன். கிளைக்குப் போய்க் கேட்டபோது, "லீன் போட்டிருக்கு மேடம். ஓ.டி. பாக்கிக்கு சிஸ்டம் எடுத்துக்கிச்சு" என்றார் அதிகாரி. லீன் என்றால் பாக்கிக்காகக் கணக்கில் உள்ள பணத்தைப் பிடித்துவைப்பது. சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "இது அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை சார்" என்றேன். "உள்ளே வந்துட்டா எல்லாம் ஒரே பணம்தான் மேடம். நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்துலயே இருக்கு" என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் அப்படியே போனது. (இதைக் கேட்கப் போகும்போதெல்லாம் கிளையின் சாய்வுதளத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். யாராவது வந்து நகர்த்தும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். அது தனிக் கடிதம் எழுத வேண்டிய சங்கதி.)

சட்டப்படி அவர் சொன்னதில் பாதி சரி. பாக்கி தீரும்வரை வாடிக்கையாளரின் உடைமையைப் பிடித்துவைக்க வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமை என்று ஒன்று உண்டு, லீன் என்பது அதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவில் இருக்கிறது. கடன் பத்திரத்திலும், என் எந்தக் கணக்கில் உள்ள பணத்தையும் பாக்கிக்கு ஈடு செய்துகொள்ளலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த நாட்டுச் சட்டம் எல்லாப் பணத்தையும் ஒரே பணமாகப் பார்ப்பதில்லை. அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. வயதான காலத்தில் அவர் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போய்விடக் கூடாது என்ற எண்ணம்தானே அது? என் 1,500 ரூபாய்க்கு அப்படித் தெளிவாக ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கவில்லை.

முன்னுதாரணம் இல்லாத விஷயமும் இல்லை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு (எங்கள் மாவட்டத்துக்காரர்தான்) அப்படிப் பிடிக்கக் கூடாது என்று உடனே அறிக்கை விட்டார், புகார் சொல்ல 1100 என்ற எண்ணையும் கொடுத்தார். 2024-இல் வயநாட்டு நிலச்சரிவில் பிழைத்தவர்களுக்குக் கேரள அரசு கொடுத்த 10,000 ரூபாயில் கேரள கிராமின் வங்கி கடன் தவணையைப் பிடித்துவிட்டது. கல்பற்றாவில் போராட்டம் நடந்தது, முதலமைச்சர் பினராயி விஜயன் கண்டித்தார், பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, கடன் பாக்கி இருந்தாலும் சில பணத்தைத் தொடக் கூடாது என்பது வங்கிகளுக்குத் தெரியாதது அல்ல. கூட்டம் கூடிக் கத்தினால் நினைவுக்கு வருகிறது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் சிஸ்டம் எடுத்துக்கொண்டது என்கிறார்கள். சிஸ்டத்தில் விதியை எழுதியது மனிதர்தானே?

இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். முதல் வேலையாக, கடன் இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படை சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை, மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அந்தக் கணக்குக்கு உதவித்தொகையை மாற்றச் சொல்லி சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுத்தேன். புதிய வங்கியில் ஆதாரை இணைக்கவும் எழுதிக் கொடுத்தேன். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். இது தெரியாமல் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, பணம் பழைய வங்கிக்கே போகிறது என்று அழுதவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

கிளைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். இது முக்கியம். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இணையத்தில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம், விவரம் கேட்க 14448. நான் அதுவரை போகவில்லை. சீல் போட்ட புகார் மண்டல அலுவலகத்துக்குப் போனதும் லீனை எடுத்துவிட்டார்கள். பிடித்த 3,000 ரூபாயைப் பற்றி மட்டும் இன்றுவரை பேச்சில்லை.

பிறகு மேலாளரைப் பார்த்து, ஓ.டி.யை மூடி, பாக்கியை மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொன்னேன். அவர் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தார். 60 மாதம், மாதம் சுமார் 2,200 ரூபாய் வரும். இப்போது கட்டும் வட்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதற்காகக் கட்டிவந்த ஏலச்சீட்டை நிறுத்திவிட்டேன், அம்மாவுக்கு வருத்தம். ஆனால் 950 ரூபாயை ஆயுள் முழுவதும் கட்டுவதைவிட 2,200 ரூபாயை ஐந்து வருடம் கட்டிவிட்டுத் தலை நிமிரலாம் என்பது என் கணக்கு. மாற்றும் காகித வேலை நடந்துகொண்டிருக்கிறது.

என்னால் மனு எழுத முடியும், அது என் தொழிலோடு ஒட்டியது. பார்வையில்லாதவரோ, மனவளர்ச்சி குன்றிய மகனுக்காகக் கையெழுத்துப் போடும் தாயோ இதில் எத்தனை படி ஏறுவார்கள்? உதவித்தொகையைக் காப்பாற்ற இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்க வேண்டும் என்பதே தப்பான ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2014-லேயே, குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மட்டும் ஒருவருடைய கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில், கடன் தவறியதற்கான அபராதத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்றது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்காரரை அழைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்பதற்கே விதி எழுதியவர்களுக்கு, எந்தப் பணத்தை எடுக்கக் கூடாது என்று எழுதுவது பெரிய காரியமா?

ரிசர்வ் வங்கி எழுதும்வரை தமிழ்நாடு காத்திருக்கவும் தேவையில்லை. மாநிலத்தின் வங்கிகள் எல்லாம் சேர்ந்து பேசும் மாநில அளவிலான வங்கியாளர் குழுவை இங்கே நடத்துவது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அரசு அதிகாரிகளும் அந்தக் கூட்டத்தில் உட்காருகிறார்கள். மாற்றுத்திறனாளி, முதியோர், விதவை உதவித்தொகையாக வரும் வரவுகளைக் கடன் பாக்கிக்கு எடுக்கக் கூடாது என்று அங்கே முடிவு செய்து எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பலாம். மாவட்டத்தில் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்க முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் பக்கத்தில் அவரையும் உட்கார வைத்து, இப்படிப் பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். என் 3,000 ரூபாய்க்கு அங்கேயும் மனு கொடுக்கப்போகிறேன்.

தவணைக் கடனுக்கு இன்னும் அந்த மேலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.