ஆறரை மணிக்கு ஒரு போன்

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசியது போதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய எண்ணெய்ப் புட்டி வந்து சேர்ந்தது. தைப் பனிக்கு நம் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கிறது. பக்கத்திலேயே இந்தக் கமேலியா எண்ணெய், அந்தப் பூச்செடியின் விதையில் ஆட்டியது, தண்ணீர் மாதிரி இளகி நிற்கிறது. அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்து, "வாசனையே இல்லையே, ஆனா நல்லா இழுக்குது" என்றாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதுதான் தலைக்கு.

ஜப்பானில் ஓஷிமா என்ற அந்த எரிமலைத் தீவுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய். "முன்னாடியே சொன்னா பயப்படுவீங்கப்பா" என்றாய். உண்மைதான், பயந்திருப்பேன். நீ சொன்ன பிறகும் இரண்டு நாள் தேடித் தேடிப் படித்தேன். 1986 நவம்பர் 15-ல் அந்த மிஹாரா மலை வெடிக்க ஆரம்பித்தது. 21-ஆம் தேதி தரையே பிளந்து நெருப்பு பீறிட்டிருக்கிறது. அன்று இரவே தீவில் இருந்த சுமார் பத்தாயிரம் பேரையும் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பினார்கள். திரும்பி வந்தவர்கள் இன்றும் அந்த நெருப்பை 'கோஜின்கா சாமா' என்றுதான் சொல்கிறார்களாம். தெய்வ நெருப்பு, அதோடு மரியாதைக்கு ஒரு சாமா. வீட்டை விட்டு ஓட வைத்த மலையை அப்படிக் கூப்பிடுகிறவர்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நீ அனுப்பிய படங்களில் சாலையோரத்து வரிவரியான மண்சுவர் படத்தை மட்டும் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். 600 மீட்டருக்கு மேல் நீளமாம், தீவைச் சுற்றிச் சாலை போட 1953-ல் மலையை வெட்டியபோது வெளியே வந்ததாம். முப்பது வருஷம் போர் போடுகிற வேலையில் மண்ணைப் பார்த்தவன் நான். நம் கொல்லையில் கிணற்றுக்கு உறை இறக்கியபோது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாயே, நினைவிருக்கிறதா? மேலே வண்டல், அடியில் களி, அதற்கும் கீழே ஆற்று மணல். எல்லாம் பாய் விரித்தாற்போல் தட்டையாக இருக்கும், காவிரி கொண்டுவந்து படிய வைத்தது. ஆனால் உன் படத்தில் வரிகள் அலை அலையாக வளைந்து போகின்றன. நிலம் மடங்கிப் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. மேடும் பள்ளமுமாக இருந்த தரைமேல் ஒவ்வொரு வெடிப்பிலும் சாம்பல் மேலிருந்து விழுந்து, படுத்திருக்கிறவர்மேல் போர்வை படிகிற மாதிரி அந்த வடிவத்துக்கே படிந்திருக்கிறது. ஏறக்குறைய நூறு வெடிப்பு அந்தச் சுவரில் இருக்கிறதாம். அதன் முன்னால் நின்று நீ இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிறாய்.

அப்புறம், கப்பலில் கம்பளம் விரித்த கூடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் படுத்துத் தூங்கினேன் என்றாய். விடிகாலை ஆறு மணிக்கு இறங்கி, 758 மீட்டர் மலையில் ஏறி, இருநூறு மீட்டர் ஆழக் குழியை எட்டிப் பார்த்து, கறுப்பு மணல்வெளியில் குழந்தை மாதிரி ஓடினேன் என்றாய். சோயாவில் பச்சை மிளகாய் போட்டு ஊறவைத்த மீனைச் சோற்றின் மேல் வைத்துக் கொடுத்தார்கள், ஊர் நினைப்பு வந்துவிட்டது என்றாய். கல் எதையும் எடுத்து வரக்கூடாது என்பதால் ஷூ அடியில் ஒட்டியிருந்த கரித்தூளை வீடியோவில் காட்டினாயே, அம்மா அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். அங்கே போனதிலிருந்து வேலை, அறை, வேலை என்றே இருந்த உன் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. அதற்காகவே நீ இன்னும் நாலு தீவுக்குப் போகலாம்.

அடுத்தது மியாகேஜிமா தீவு என்கிறாய், அதுவும் எரிமலைதான். 2000-ல் அங்கேயும் ஊரையே காலி செய்தார்கள், விஷவாயு அடங்காமல் 2005-ல்தான் திரும்ப விட்டார்கள் என்று படித்தேன். போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் போகும் முன்னாலேயே சொல்லிவிடு பாப்பா. பயப்படுவது எங்கள் பாடு, அதை மறைத்து எங்களைக் காப்பாற்ற வேண்டாம். கிளம்புகிற அன்று காலையில் மலை எப்படி இருக்கிறது என்று வானிலை நிலையத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போ.

உன் கப்பல் இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் இங்கே மாலை ஆறரை. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருகிற நேரம். கரை மறைகிற வரைக்கும் சிக்னல் கிடைக்கும் என்றாயே, அப்போது கூப்பிடு. டோக்கியோவின் அந்தப் பெரிய பாலத்துக்கு அடியில் கப்பல் போவதை நாங்களும் பார்க்கிறோம்.

அன்புடன்,
அப்பா